மூன்று நிமிடச் சூத்திரங்கள்

எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பாதியிலும் அமெரிக்காவில் குழந்தைகளாக இருந்தவர்களிடம் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' என்ற பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் விளக்கம் சொல்ல மாட்டார்கள், பாடத் தொடங்கிவிடுவார்கள். சனிக்கிழமைக் காலைகளில் ஏபிசி தொலைக்காட்சியில், கார்ட்டூன் தொடர்களுக்கு நடுவே, மூன்று நிமிட அளவில் வந்துபோன பாட்டுப் படங்கள் அவை. பெருக்கல் வாய்பாடு, இலக்கணம், அரசியலமைப்பு, அறிவியல் எனப் பள்ளிப் பாடங்களையே பொருளாகக் கொண்டவை. 1973 ஜனவரி 6 அன்று தொடங்கி 1985 வரை ஒளிபரப்பாகி, தொண்ணூறுகளில் மீண்டும் உயிர்பெற்றன. இவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் நான் படித்தவை ஏறத்தாழ எல்லாமே ஒரே சுருதியில் இருக்கின்றன. அந்தக் காலம் போல வருமா என்னும் ஏக்கச் சுருதி.

ஏக்கம் ஒரு படைப்புக்குச் செய்யும் முதல் கெடுதல், அதை விமர்சனத்துக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்துவிடுவதுதான். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. இப்பாடல்களுள் பெரும்பாலானவை வெளிவந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. முப்பது வயதைக் கடந்த பிறகு, யாப்பிலக்கண வகுப்பு ஒன்றுக்காக மனப்பாடம் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது இணையத்தில் கண்டெடுத்தேன். ஆகவே இவற்றைக் கல்வி கற்பிக்கும் செய்யுள்களாக மட்டும் வைத்துப் பார்க்க எனக்கு வசதி இருக்கிறது. அப்படிப் பார்க்கையில், இவற்றின் சிறப்பு என்று எல்லாரும் சொல்வதும் இவற்றின் குறை என்று சிலர் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வேர் கொண்டிருக்கின்றன என்று தோன்றுகிறது. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரை.

தொடக்கக் கதை பலரும் சொல்வது. டேவிட் மெக்கால் என்பவர் நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தின் தலைவர். அவருடைய மகனுக்குப் பெருக்கல் வாய்பாடு மனத்தில் நிற்கவில்லை. ஆனால் ராக் பாடல்களின் வரிகள் ஒன்று விடாமல் நின்றன. வாய்பாட்டையே பாட்டாக்கினால் என்ன என்று மெக்கால் கேட்டார். நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் நியூவால் இசையமைப்பாளரைத் தேடினார். முதலில் வந்த முயற்சிகள் குழந்தைகளுக்கு இவ்வளவு போதும் என்ற பாணியில் இருந்ததால் தள்ளப்பட்டன. பிறகு பாப் டோரோ என்ற ஜாஸ் கலைஞரிடம் வேலை வந்தது. மைல்ஸ் டேவிஸோடு பதிவு செய்தவர், பெரும்புகழ் இல்லாதவர். அவரிடம் வைக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே: குழந்தைகள்தானே என்று கீழிறங்கி எழுதக் கூடாது. அவர் எழுதி வந்தது 'த்ரீ இஸ் எ மேஜிக் நம்பர்'. அதைக் கேட்டுக்கொண்டே டாம் யோ என்ற ஓவியர் கிறுக்கிய படங்களிலிருந்து, இது இசைத்தட்டு அன்று, படம் என்ற எண்ணம் பிறந்தது. ஏபிசி அந்த விளம்பர நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தது வசதியாகிவிட்டது.

சர்க்கரை பூசிய தானிய உணவைக் குழந்தைகளிடம் விற்கும் கலையில் தேர்ந்தவர்கள், அதே சனிக்கிழமை காலையில், அந்த விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே வாய்பாட்டை விற்றார்கள். குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வணிகம் மிகுந்துவிட்டது என்று அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் குரல் எழுப்பிய காலம் அது. 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' வேறொரு வழி உண்டு என்று காட்டியிருந்தது. தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் கொஞ்சம் நற்பெயர் தேவைப்பட்டது. நோக்கத்தின் தூய்மையைத் தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. நம்முடைய நீதி நூல்களும் புரவலர் நிழலில் எழுதப்பட்டவைதாமே.

தமிழ் படித்த ஒருவனுக்கு இங்கே வியப்பு ஏற்படுவதில்லை. பழகிய வீட்டுக்குள் நுழைந்த உணர்வே ஏற்படுகிறது. நம் மரபில் அறிவு முழுவதும் செய்யுளில்தான் இருந்தது. இலக்கணம் செய்யுள், மருத்துவம் செய்யுள், சோதிடம் செய்யுள், அகராதியும் செய்யுள். திவாகரமும் பிங்கலமும் நூற்பாவில் இருக்க, பின்னால் வந்த மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடினார். ஓசை இருந்தால் பிள்ளைகள் வாயில் நிற்கும். திண்ணைப் பள்ளிகளில் மற்ற நிகண்டுகளை அது பின்னுக்குத் தள்ளியதற்கு அதன் விருத்த ஓசையே முதற்காரணம். அமிதசாகரர் இன்னும் ஒரு படி மேலே போனவர். யாப்பிலக்கணத்தைக் கட்டளைக் கலித்துறையில், ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திப் பாடியதோடு நிற்கவில்லை. எடுத்துக்காட்டுச் செய்யுள்களின் முதற்சொற்களை மட்டும் கோத்து 'முதல்நினைப்பு'க் காரிகைகளும் காரிகை நூலில் உண்டு. மனப்பாடத்துக்கு ஒரு மனப்பாடம். மெக்கால் கண்ட பிரச்சினையை நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு தீர்வும் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆனால் இப்படிப் பெருமை பேசி முடித்துக்கொண்டால் முக்கியமானதைத் தவற விட்டுவிடுவோம். நம் சூத்திரம் தனியாக நிற்பதற்காக எழுதப்பட்டதன்று. அது உரையை எதிர்பார்த்து நிற்கிறது. சுருங்கச் சொல்லல் சூத்திரத்தின் வேலை, விளங்க வைப்பது உரையாசிரியனின் வேலை என்ற பங்கீடு நடைமுறையில் இருந்தது. மாணவன் பொருள் தெரியாமல் உருப்போட்டதை ஆசிரியர் பின்னால் அவிழ்த்துக் காட்டினார். சனிக்கிழமைக் காலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அத்தகைய ஆசிரியர் இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் அடுத்த கார்ட்டூன் வந்துவிடும். எனவே அந்தப் பாட்டு சூத்திரமாகவும் இருக்க வேண்டும், தனக்குத் தானே உரையாகவும் இருக்க வேண்டும். டாம் யோவின் படங்கள் செய்தது அந்த உரை வேலையைத்தான்.

மூன்றாம் வாய்பாட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். வாய்பாடு உடனே வந்துவிடுவதில்லை. முதலில் மூன்று என்ற எண்ணின் தன்மை வருகிறது. நேற்று, இன்று, நாளை. உடல், மூளை, இதயம். நிற்பதற்கு மூன்று கால் வேண்டும் மேசைக்கு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் சேர்ந்து ஒரு குடும்பம். எண் முதலில் உலகத்தில் இருக்கிறது, பிறகுதான் சிலேட்டில் வருகிறது. அதன் பின்னரே பெருக்கல், ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும். நன்னூலார் சொல்லும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. ஆனால் வாய்பாடே கூறியதைக் கூறிக்கொண்டிருப்பதுதானே! பல்லவி என்ற உறுப்பு இந்தக் குற்றத்தைக் குணமாக மாற்றிவிடுகிறது. டோரோவின் மெட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சிறிது மாறித் திரும்புவதால் சலிப்பு வருவதில்லை. 1989-இல் டி லா சோல் என்ற ராப் குழுவினர் இந்தப் பாட்டை எடுத்துத் தங்கள் பாட்டின் அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். வாய்பாட்டுப் பாட்டு நடனக் கூடத்துக்குப் போனது.

எட்டாம் வாய்பாடு இன்னும் துணிச்சலானது. 'ஃபிகர் எய்ட்' பாட்டைப் பாடியவர் ப்ளாசம் டியரி. குழந்தைக் குரல் போன்ற மெல்லிய குரல்; ஆனால் தேர்ந்த ஜாஸ் பாடகி. மெட்டில் ஒரு சோகம் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிறுமி சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக் கனவு காண்கிறாள். உறைந்த நீரின் மேல் சறுக்கிச் சறுக்கி எட்டு போடுகிறாள். இறுதியில் எட்டைப் படுக்க வைத்தால் முடிவிலியின் குறி என்று வருகிறது. வாய்பாட்டுக்கும் சோகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வகுப்பறைக்கும் சோகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். குழந்தைகளுக்கு மகிழ்ச்சி மட்டுமே தெரியும் என்று நினைப்பவர்கள் எழுதக்கூடிய பாட்டன்று இது.

பன்னிரண்டுக்கான பாட்டில் கைக்கும் காலுக்கும் பன்னிரண்டு விரல்கள் கொண்ட வேற்றுக் கிரகத்துச் சிறுவன் வருகிறான். பத்துக்கும் பதினொன்றுக்கும் அவன் தனியாகப் பெயர் வைத்திருக்கிறான். பன்னிரண்டில்தான் அவனுக்கு இரண்டு இலக்கம் தொடங்குகிறது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவது இயற்கை விதியன்று, விரல்கள் பத்து என்பதால் ஏற்பட்ட வழக்கம் என்பதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லும் பாட்டு. பிள்ளைகளுக்கு எவ்வளவு விளங்கியிருக்கும் என்பது வேறு விஷயம். முந்திரி, காணி, மா என்று பின்னங்களை எண்சுவடியில் உருப்போட்ட நம் முன்னோருக்கும் அந்த வயதில் எவ்வளவு விளங்கியிருக்கும்?

இலக்கணத் தொகுதியில் புகழ்பெற்றது 'கன்ஜங்ஷன் ஜங்ஷன்', 1973. ஜாக் ஷெல்டன் என்ற ட்ரம்பட் கலைஞரின் கரகரத்த குரல். ரயில் நிலையத்து ஊழியன் ஒருவன் பெட்டிகளைக் கோக்கிறான். பெட்டிகள் சொற்களும் தொடர்களும். நடுவில் மாட்டும் கொக்கி இணைப்பிடைச்சொல். இதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், தமிழில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்பது. இரண்டாவது எண்ணம், தமிழில் இதை எடுக்கவே முடியாது என்பது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரே ஒரு கொக்கி போதும். நம் 'உம்' அப்படியன்று. கபிலரும் பரணரும் என்று ஒவ்வொரு பெயரின் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருவது அது. நடுவில் நிற்பதே இல்லை. ரயில் பெட்டி உவமை தமிழ் இலக்கணத்தின் மேல் ஏற்றினால் தடம் புரண்டுவிடும். ஆங்கிலப் பாடல்களின் மெட்டில் தமிழ்ச் சொற்களைத் திணித்துக் குழந்தைப் பாட்டு செய்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். உவமை மொழியின் எலும்பிலிருந்து வர வேண்டும்.

இனி, இந்தப் பாட்டுகள் உண்மையில் கற்பித்தனவா என்ற கேள்வி. என் கருத்து: பாட்டு கற்பிப்பதில்லை, காத்து வைக்கிறது. இரண்டும் வேறு. அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையை லின் ஆரன்ஸ் பாட்டாக்கினார். அவர் அந்த விளம்பர நிறுவனத்தில் செயலாளராக இருந்தவர். உணவு இடைவேளையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து நியூவால் எழுதச் சொன்னதில் பிறந்த முதற்பாட்டு அது. பின்னாளில் பிராட்வே மேடையில் 'ராக்டைம்' இசை நாடகத்துக்குப் பாடல்கள் எழுதிப் புகழ்பெற்றார். சட்ட வாசகத்தை அப்படியே பாட்டாக்குவது எளிதன்று, அவர் செய்திருக்கிறார். ஆனால் மெட்டுக்குள் அடங்காததால் தொடக்கத்தில் நாட்டின் பெயரைக் குறிக்கும் சொற்களை விட்டுவிட்டார். விளைவு, தேர்வில் முகப்புரையை எழுதச் சொன்னால் அச்சொற்களை மட்டும் விட்டுவிட்டு எழுதிய மாணவர்கள் உண்டு. 1993-இல் சாண்ட்ரா கால்வெர்ட்டும் உடன் ஆய்வாளரும் இதே முகப்புரையை வைத்துச் செய்த ஆய்வில், நீண்ட காலம் கழித்துச் சொல்லுக்குச் சொல் நினைவுகூர்வதற்குப் பேச்சைவிடப் பாட்டு உதவுகிறது என்று கண்டார்கள். சொல்லுக்குச் சொல் என்பதை அடிக்கோடிட வேண்டும். இருந்த சொல் நின்றது போலவே, இல்லாத சொல்லின் இடைவெளியும் நிற்கிறது.

கோள்களைப் பற்றிய 'இன்டர்ப்ளானட் ஜேனட்' 1978-இல் வந்தது. அதில் கோள்கள் ஒன்பது. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கியது. பாடநூலைத் திருத்தி அடுத்த ஆண்டு அச்சிட்டுவிடலாம். நாற்பது வயதுக்காரர் தலைக்குள் ஓடும் மெட்டிலிருந்து ஒரு கோளை எப்படி எடுப்பது? கணினி பற்றி எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த சில படங்கள் நல்லவேளையாக யார் நினைவிலும் அவ்வளவாக நிற்கவில்லை. பாட்டு சரியில்லாமல் போனதும் சில சமயம் நல்லதுக்குத்தான்.

புளூட்டோ யாருக்கும் தீங்கு செய்யாத பிழை. எல்லாப் பிழையும் அப்படியன்று.

1976-இல் அமெரிக்கா தன் இருநூறாம் சுதந்திர ஆண்டைக் கொண்டாடியதை ஒட்டி வரலாற்றுத் தொகுதி ஒன்று எடுக்கப்பட்டது. அதில் சிறந்தது என்று நான் நினைப்பது டேவ் ஃப்ரிஷ்பெர்க் எழுதி ஜாக் ஷெல்டன் பாடிய 'ஐ ஆம் ஜஸ்ட் எ பில்'. ஒரு சட்ட முன்வடிவு, சுருட்டிய காகித வடிவில், நாடாளுமன்றப் படிக்கட்டில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரயில் பாதையைக் கடக்குமுன் பள்ளிப் பேருந்துகள் நின்று போக வேண்டும் என்பதுதான் அதன் கோரிக்கை. குழுவில் காத்திருக்க வேண்டும், ஓர் அவை ஏற்றால் இன்னோர் அவை, அதற்குப் பின் குடியரசுத் தலைவர், அவர் மறுத்தால் மீண்டும் முதலிலிருந்து என்று ஒரு சிறுவனிடம் புலம்புகிறது. பெரும்பாலான முன்வடிவுகள் குழுவிலேயே செத்துப்போகும் என்ற உண்மையை மறைக்கவில்லை. காத்திருத்தலின் அலுப்பு ஜனநாயகத்தின் பகுதி என்று குழந்தைக்குச் சொன்ன வேறு பாட்டை நான் அறியேன். பணம் படைத்தவர்களின் ஆள்கள் அந்தக் குழு அறைக்கு வெளியே நிற்பது அதில் இல்லைதான். ஆனால் 1996-இல் 'த சிம்ப்சன்ஸ்' அதே ஷெல்டனைப் பாட வைத்து நையாண்டி செய்ய முடிந்தது. 2014-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் நிர்வாக ஆணை ஒன்று அந்த முன்வடிவின் இடத்தைப் பிடிப்பதாகக் காட்ட முடிந்தது. நையாண்டியும் ஒரு வகையில் உரைதான். மூலம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் உரை விளங்குகிறது.

அதே தொகுதியில் 'எல்போ ரூம்' என்ற பாட்டும் இருக்கிறது. இதுவும் லின் ஆரன்ஸ் எழுதியது. கையைக் காலை நீட்ட இடம் போதவில்லை, ஆகவே மேற்கே போனோம் என்பது பொருள். 1803-இல் ஜெஃபர்சன் லூசியானாவை விலைக்கு வாங்கியது, லூயிஸும் கிளார்க்கும் போன பயணம், அவர்களுக்கு வழித்துணையான சக்காஜவேயா, வண்டிகளில் போன குடும்பங்கள், ரயில் பாதை எல்லாம் துள்ளலான மெட்டில் வருகின்றன. முடிவில் நிலவுக்கே இடம் தேடிப் போகலாம் என்கிறது பாட்டு. நிலத்துக்காகச் சண்டைகள் நடந்தன என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு. யாரோடு என்பது இல்லை. வரைபடத்தில் மேற்கு வெறுமையாகக் கிடக்கிறது. மனிதர்கள் வந்து நிரப்புகிறார்கள்.

அந்த வெறுமையில் யார் இருந்தார்கள்? மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பூர்வகுடிகளை மேற்கே அகற்றுவதற்கான சட்டம் 1830-இல் கையெழுத்தாயிற்று. 1838-இலும் 1839-இலும் செரோக்கி மக்கள் படைக்காவலில் இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களும் மேற்கு நோக்கித்தான் போனார்கள். இடம் தேடிப் போகவில்லை, இடத்தைப் பறிகொடுத்துப் போனார்கள். நன்னூலார் நூலுக்குரிய அழகுகளுள் ஒன்றாக உலகம் மலையாமை என்பதைச் சொல்கிறார். உயர்ந்தோர் வழக்கோடு முரண்படாமை என்று உரை சொல்வார்கள். நடந்ததோடு முரண்படாமை என்றும் அதை நான் எடுத்துக்கொள்வதுண்டு. 'எல்போ ரூம்' ஓசையுடைமையில் முழு மதிப்பெண் பெறும். இந்த ஓர் அழகில் தோற்கும். ஓசை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தீங்கும் பெரிது. மோசமான மெட்டில் வந்திருந்தால் புளித்துப்போய் மறைந்திருக்கும்.

ஏக்கக் கட்டுரைகள் இந்தப் பாட்டை மெல்லத் தாண்டிப் போய்விடுகின்றன. எதிர்த்தரப்பினரோ இந்த ஒன்றைக் காட்டி முழுத் தொடரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்கு ஒரு தனிப் பாட்டை அதே தொகுதி கொடுத்ததையும், 'வெர்ப்' பாட்டின் நாயகனாக ஒரு கறுப்பினச் சிறுவனை 1974-லேயே வைத்ததையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டை நீக்கிவிடுங்கள் அல்லது வரிகளை மாற்றுங்கள் என்ற யோசனை எனக்கு ஏற்புடையதன்று. மனத்தில் ஏறிவிட்டதை நீக்க யாராலும் முடியாது.

நம் மரபில் இதற்கு ஒரு வழி இருந்தது. தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றாகவே இருக்க, இளம்பூரணர் ஒன்று சொன்னார், சேனாவரையர் மறுத்தார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொன்னார். மூலத்தைத் தொடாமலே அதனோடு சண்டை போடலாம். மனப்பாடம் என்பது அந்தச் சண்டைக்கான முன்தயாரிப்பு. மனத்தில் இருப்பதோடுதான் வழக்காட முடியும், புத்தகத்தில் கிடப்பதோடு அன்று. ஓர் அமெரிக்க வகுப்பறையில் 'எல்போ ரூம்' பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் செரோக்கி மக்கள் நடந்த வழியின் வரைபடத்தை விரித்து வைத்தால், அந்தப் பாட்டு பாடநூல்களால் முடியாத ஒன்றைச் செய்யும். எவ்வளவு இனிமையாக ஒன்றை மறைக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே அறிந்துகொள்வார்கள்.

என் தலைமுறைக்கும் ஒரு சொந்த அனுபவம் உண்டு. 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற படம் 1974-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே எடுத்தது. வரைந்தவர் பீம்சேன், இசை வசந்த் தேசாய். வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் வலையோடு சேர்ந்து பறந்து தப்புகின்றன. எண்பதுகளில் தூர்தர்ஷனில் அதைப் பார்த்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தி தெரியாது. மெட்டு மட்டும் முழுதாக நின்றது. கதையைப் படம் சொல்லிவிட்டது. ஒற்றுமையைப் பற்றிய பாடத்தை விளங்காத மொழியில் கேட்டோம் என்பதில் உள்ள முரணை அப்போது யாரும் கவனிக்கவில்லை. படம் உரையாக நிற்கும் என்று மேலே சொன்னதற்கு எங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்று இணையத்தில் தமிழ்க் குழந்தைப் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. உருண்டைக் கண்கள், மின்னும் வண்ணங்கள், எந்திரத் தாளம். பத்து நிமிடம் பார்த்தேன். வெற்றெனத் தொடுத்தல் என்ற குற்றத்துக்கு நன்னூல் வகுப்பில் இனி எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. பாரதியும் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் எழுதிய மொழியில் இந்த நிலை. நம் நவீன கவிஞர்களுள் குழந்தைக்காக எழுதுவதைத் தாழ்ந்த வேலையாக நினைக்காதவர் எத்தனை பேர்? டோரோவும் ஃப்ரிஷ்பெர்க்கும் டியரியும் தங்கள் துறையின் தேர்ந்த கலைஞர்கள். அப்படிப்பட்டவர்களை அழைத்துக் கூலி கொடுத்து, இறங்கி எழுதாதே என்று சொன்ன ஒரு விளம்பர நிறுவனத்தின் நல்லறிவு நம் பாடநூல் குழுக்களுக்கு வாய்க்கவில்லை. டோரோ 2018-இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். கடைசிவரை மேடைகளில் மூன்றாம் வாய்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார், நரைத்த தலைகள் கூடப் பாட.

சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் 'கன்ஜங்ஷன் ஜங்ஷன்' படத்தைப் போட்டுக் காட்டி, எண்ணும்மைக்கு ஒரு படம் யோசித்து வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு மாணவி பூத்தொடுப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி முடிச்சு, ஆனால் நார் ஒன்றே. 'உம்' அந்த முடிச்சு. வகுப்பே கைதட்டியது. பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்படியானால் உம்மைத்தொகையில் என்ன செய்வது ஐயா? கபிலபரணர் என்கிறபோது முடிச்சை அவிழ்த்துவிட்டோம், பூ உதிரவில்லையே?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் எங்களிடம் படம் இல்லை.